நூற்பட்டியலில் எனக்கு நான்கு வரி

"மா, உன் முழுப் பேர் சொல்லு. இனிஷியலோட."

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு என் மகள் பவித்ரா கேட்டாள். அவளைச் சுற்றிலும் அட்டைகள். பட்டுப்புடவைப் பெட்டிக்குள் மடிப்புக்கு வைக்கிற வெள்ளை அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்திருந்தாள். அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ரசம் பொங்கிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். அட்டையில் தெறித்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

"என் பேரு எதுக்கு?"

"லிஸ்ட்ல போடணும். நீயும் ஒரு ஆதாரம்."

எனக்குக் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது. ஆதாரம், சாட்சி என்பதையெல்லாம் கோர்ட்டு, போலீஸ் என்று சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.

"நான் இன்னாடி பண்ணேன்?"

பவித்ரா சிரித்துவிட்டாள். "ஒண்ணும் பண்ணல மா. புக்கு எழுதனவங்க பேரு போடறோம் இல்ல, அதே மாதிரி வாயால சொன்னவங்க பேரும் போடணும்."

வாசல் பக்கம் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "உங்கம்மா சொன்னதா? பாதிய கழிச்சிக்கோ. மீதிய, வானத்தப் பாத்துட்டு எழுது" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குச் சரக்கு ஆட்டோ. புடவைக் கட்டு, நூல் மூட்டை, சில நாள் வீடு மாற்றுகிறவர்களின் பீரோ.

சென்ற வாரம் இதே பத்தியில், கேஸ் சிலிண்டரைத் திரும்பத் திரும்ப மூடிப் பார்க்கும் என் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கும். எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு எப்போதும் தள்ளுபடி உண்டு. பஸ் கவிழும் என்பேன், கவிழாது. மழை கொட்டும் என்பேன், வெயில் காயும். அதனால் நான் எது சொன்னாலும் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

பேருக்குக் கீழே நான்கு வரி

பவித்ரா எம்.ஏ. வரலாறு, கடைசி வருஷம். களம்பூர் அரிசி மில்களில் நெல் காய வைத்த பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வை எழுதுவதற்கு முன்னால், எந்தெந்தப் புத்தகத்தை, யார் யார் சொன்னதை வைத்து எழுதப்போகிறாள் என்று ஒரு பட்டியல் கொடுக்க வேண்டுமாம்.

பட்டியல்தானே, மளிகைச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். அவளுக்கு வழிகாட்டும் மேடம் கண்டிப்பானவர். ஒவ்வொரு பேருக்குக் கீழேயும் நான்கு வரி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது என்ன சொல்கிறது, சொன்னவர் யார், எவ்வளவு தூரம் நம்பலாம், நீ எங்கே அதை எடுத்துக்கொள்ளப் போகிறாய்.

எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கேட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது. நான் ஆறாவதோடு நின்றவள். அச்சில் வந்துவிட்டால் அது நிஜம் என்பதுதான் நான் படித்த வரைக்கும் பாடம்.

"அச்சு போட கையில காசு இருந்தா போதும் மா" என்றாள் பவித்ரா.

அந்த மாதம் முழுக்க வீட்டில் அட்டைகள்தான். கிளை நூலகத்தில் ஒன்று, கல்லூரி நூலகத்தில் ஒன்று, போனில் பார்த்தது ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அகர வரிசையில் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அதற்கு ஆறாவது போதும். ஆனால் மின்விசிறி போட முடியாது. போட்டால் அட்டையெல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அடுக்குவேன். அடுக்கிவிட்டு ரப்பர் பேண்டு போடுவேன். ரப்பர் பேண்டு அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்றும் போடுவேன்.

நான் ஆரணியில் எங்கள் வீட்டிலிருந்தே பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுக்கிறேன். மடியில் விரித்த புடவையோடு நான் முடிந்துகொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்து அவள் கேள்வி கேட்பாள். போன் நடுவில் கிடக்கும், நான் பேசுவதைப் பதிந்துகொண்டு.

"நீ மில்லுல எத்தினி வயசுல சேந்த?"

"சேந்தன்னு இல்ல. எங்கம்மா போனாங்க, நானும் பின்னாலயே போனேன். மழை வந்தா தார்ப்பா இழுக்க ஆள் வேணும். அப்டியே ஸ்கூலு நின்னு போச்சி."

"அப்ப உன் இனிஷியல் இன்னா?"

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு அப்பா எழுத்து மு. பிறகு வீட்டுக்காரர் எழுத்து ஏ. ரேஷன் கார்டில் ஒன்று, பாங்கு புத்தகத்தில் ஒன்று. இதனால் ஒரு நாள் ஏதாவது பிரச்சினை வரும் என்று எனக்கு வெகுநாளாகவே பயம். ஆனால் மில்லில் எனக்கு எழுத்தே கிடையாது. கன்னியம்மா என்ற பேரே அங்கே பாதியாகிப் போய் கன்னி என்று நின்றது. அதைச் சொன்னதும் பவித்ரா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

களத்தில் ஊர்ப்பேர்

மில் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாதம்தான். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். ஆவி பறக்கும். அந்த நெல்லில் காலை இழுத்து இழுத்து நடந்து, வரி வரியாகக் கிளறிவிட வேண்டும். கீழே நெல் சூடு, அதற்குக் கீழே சிமெண்டு சூடு, மேலே சூரியன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைத் தண்ணீரில் வைத்தால் கூசும். உடம்பு முழுக்க அவித்த நெல் வாசனை. தலை குளித்தாலும் போகாது.

களத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அவரவர் பிறந்த ஊர்தான் பேர். சேத்துப்பட்டிலிருந்து வந்தவள் சேத்துப்பட்டா. தெள்ளாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் தெள்ளார்க்கா. "தெள்ளாரு, அந்தப் பக்கம் தள்ளிவுடு" என்று மேஸ்திரி கத்தினால் அவர் திரும்புவார். நான் உள்ளூர்ப் பெண் என்பதால்தான் கன்னி என்ற அரைப் பேராவது எனக்கு இருந்தது.

தெள்ளார்க்கா என்னைவிட மூத்தவர். உயரமானவர். நல்ல குரல். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு நாய் வந்து நெல்லில் படுத்துக்கொண்டது. மேஸ்திரி கத்துகிறார், நாய் அசையவில்லை. தெள்ளார்க்கா, "அதுக்கும் சேத்து ஆஜர் போட்டுடுங்க மேஸ்திரி, காலையிலேர்ந்து இங்கதான் கெடக்குது" என்றார். களமே சிரித்தது. எனக்கு மட்டும், மேஸ்திரி கோபித்துக்கொண்டு எல்லாரையும் அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

இந்தக் கதைகளையெல்லாம் பவித்ராவுக்குச் சொன்னேன். கூடவே, மத்தியானம் சோறு தின்பதைப் பற்றியும் சொன்னேன். களத்து ஓரத்தில், வெயிலில்தான் உட்காருவோம். கொட்டகைக்குள் போனதில்லை.

அவள் அதை அட்டையில் எழுதினாள். களத்துப் பெண்களுக்கு ஒதுங்க நிழல் கொடுக்கப்படவில்லை என்று.

மலரில் ஒரு படம்

பட்டியலை மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பவித்ரா கல்லூரியிலிருந்து வந்து பையைக் கட்டிலில் போட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. "இன்னா ஆச்சி?" என்று கேட்பதற்குள் எனக்கு எல்லாம் தோன்றிவிட்டது. படிப்பு போச்சு, வருஷம் போச்சு, இனிமேல் இவளுக்கு வேலை எங்கே.

"மீதி எல்லாம் ஓகே. உன் அட்டைதான் பேஜார்" என்றாள்.

அவள் பட்டியலில் ஒரு மில்லின் வெள்ளி விழா மலர் இருந்தது. நான் வேலை செய்த அதே மில். பழைய பேப்பர் கடையில் தற்செயலாகக் கிடைத்தது என்று பெருமையாகக் கொண்டுவந்திருந்தாள். அந்த மலரில், ஆரம்பத்திலிருந்தே எல்லாப் பெண்களுக்கும் நிழலும் குடிதண்ணீரும் உள்ள கொட்டகை இருந்தது என்று அச்சடித்திருந்தார்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன். மேடம் கேட்டது நியாயமான கேள்விதான். அவர் சொன்னதைப் பவித்ரா அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"ஒருத்தர்தான் சொல்லியிருக்காங்க, அதுவும் உங்க அம்மா. அச்சுல இருக்கறது வேற. படமும் இருக்கு. அதே மில்லுல வேலை செஞ்ச இன்னொருத்தர்கிட்ட விசாரிச்சி எழுது. முடியலன்னா அம்மா பேர எடுத்துடு. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து போடணும், இல்லன்னா வைவாக்கு உன் பேர் போவாது."

"எடுத்துடு" என்றேன் நான், உடனே. "ஜல்தியா எடுத்துடு. என்னால உனக்கு எதுக்கு தொல்ல?"

"இரு மா. படத்தப் பாரு மொதல்ல."

மலரை விரித்துக் காட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம். தகரம் வேய்ந்த கொட்டகை. நடுவில் மண் பானை, மேலே தட்டு, தட்டில் சொம்பு. சுற்றி நான்கைந்து பெண்கள், தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு.

"இது தெள்ளார்க்கா" என்று விரலை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வைத்திருக்கக்கூடாதோ என்று பட்டது.

"அவங்க கொட்டாய்க்குள்ள குந்திகினு சாப்படறாங்க. நீ எங்க?"

"நான் களத்துல இருந்திருப்பேன்."

"ஏன்?"

"வேலை இருந்திருக்கும்."

பவித்ரா என்னையே பார்த்தாள். நான் குஞ்சத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சொல்லாததை ஒரு படத்துக்காக எப்படிச் சொல்வது?

அன்றைக்கு முடிந்த குஞ்சம் எல்லாம் கோணல். பிரித்து முடிந்தேன். முடியும்போது ஒன்று உறைத்தது. என் பேரை எடுத்துவிட்டால், நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். மழை வரும் என்று சொல்லி வராமல் போவது வேறு. இது வேறு.

"அந்த அக்காவ தேடிப் பாக்கலாமா?" என்று நானே கேட்டேன்.

"பேரு இன்னா?"

"தெள்ளார்க்கா."

"மா, நெஜப் பேரு."

எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் ஒன்றாக நெல் கிளறியவரின் பேர் எனக்குத் தெரியாது. களம்பூரில் அவர் குடியிருந்த வீட்டை இடித்து லாரி ஷெட் ஆக்கிவிட்டார்கள். புருஷன் போனதும் பிறந்த ஊருக்கே போய்விட்டார் என்று யாரோ எப்போதோ சொன்னது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

தெள்ளாரில் எல்லாரும் தெள்ளார்தான்

வியாழக்கிழமை கிளம்பினோம். வந்தவாசி போய், அங்கிருந்து தெள்ளாருக்கு வேறு பஸ். அட்டைகளையும் மலரையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டேன். டிரைவர் ஒரு கையால் ஓட்டினார். நான் வந்தவாசி வரைக்கும் அந்த இன்னொரு கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தெள்ளாரில் இறங்கி, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடைக்காரரிடம் கேட்டோம்.

"அண்ணா, களம்பூர் மில்லுல வேலை செஞ்ச ஒரு அக்கா. இந்த ஊரு."

"பேரு?"

"தெள்ளார்க்கான்னு கூப்டுவோம்."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஊர்ல நான் கூட தெள்ளாருதான்மா."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "தோ இவன் தெள்ளாரு, அவன் தெள்ளாரு, அந்த மாடு கூட தெள்ளாரு. எது வோணும்?" என்றார் ஒருவர். பவித்ராவும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. ஓர் ஊரில் பிறந்தவளை அந்த ஊரிலேயே போய் ஊர்ப்பேர் சொல்லித் தேடுகிறோம் என்பது எனக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. அந்தப் பேர் களம்பூரில் மட்டும் செல்லுகிற பேர்.

பக்கத்துக் கடையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் வழி காட்டினார். "களம்பூர்ல குடுத்த பொண்ணா? நெட்டையா இருப்பாங்களா? அது நம்ம களம்பூராதான். அப்டிக் கேட்டா தெரியும், அத வுட்டுட்டு."

பிறந்த ஊரில் அவருக்குப் புகுந்த ஊர் பேராகிவிட்டிருக்கிறது. அங்கே ஒரு ஊர், இங்கே ஒரு ஊர். இரண்டு இடத்திலும் அவருக்குப் பேர் இல்லை.

சொம்பு

தெள்ளார்க்கா தன் தம்பி வீட்டில் இருந்தார். கால் வீங்கியிருந்தது, குரல் அப்படியே இருந்தது.

"யாரு? கன்னியா? அடிப்பாவி, பொழச்சிகினு இருக்கியா! இன்னாடி இப்டி எளச்சிட்ட? உள்ள வா, வா, நாற்காலில குந்து."

வீட்டுக்குள் உட்கார வைத்தார். தம்பி மருமகள் எங்களுக்கும் அவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

பவித்ரா விஷயத்தைச் சொன்னாள். பேசுவதைப் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டாள். "டிவில வருமா?" என்றார் அக்கா. "வராது பெரிம்மா, என் படிப்புக்கு" என்றதும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சம்மதித்தார். மலரில் இருந்த படத்தைப் பார்த்து, "இந்த சீலை எங்க அண்ணி குடுத்தது" என்று ஆரம்பித்துப் படத்திலிருந்த எல்லாருடைய கதையையும் சொன்னார். பிறகு பவித்ரா கேட்டாள்.

"அந்தக் கொட்டகை பெண்களுக்கெல்லாம் இருந்துச்சா பெரிம்மா? இல்ல பூட்டி வெச்சிருந்தாங்களா?"

"பூட்டா? கதவே கெடையாது கண்ணு. நாலு பக்கமும் தொறந்த கொட்டா. யாரு வேணா போலாம், வரலாம். முதலாளி நல்ல மனுசன். உப்பத் தின்னுட்டு பொய் சொல்லக்கூடாது."

முடிந்தது என்று நினைத்தேன். மலர் ஒன்று, அக்கா இரண்டு. நான் ஒருத்திதான் மறுபக்கம்.

பவித்ரா தலை நிமிராமல் எழுதினாள். "அம்மா உள்ள போனதே இல்லன்னு சொல்றாங்களே."

"யாரு, கன்னியா?" அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் மனத்தாங்கல். "உன்ன எப்பனா தாகத்துல உட்டனாடி? சொல்லு. உச்சி வெயில்ல சொம்புல மொண்டுகினு வந்து ஊத்த மாட்டன்? நீ கையேந்தி குடிப்ப, கழுத்தெல்லாம் ஒழுகும். மறந்துட்டியா?"

"இல்ல கா. ஊத்துவீங்க" என்றேன். அது நிஜம். வேறு யாரும் ஊற்றியதில்லை, அவர்தான் ஊற்றுவார்.

"அப்டிச் சொல்லு."

பவித்ரா பேனாவை மூடினாள். "பெரிம்மா, பானை கொட்டாய்க்குள்ளதான இருந்துச்சி?"

"ஆமா."

"கதவு இல்ல. பூட்டு இல்ல. அப்பறம் ஏன் நீங்க வெளிய கொண்டாந்து ஊத்துனீங்க? அம்மாவே வந்து மொண்டு குடிச்சிருக்கலாமே?"

அக்கா பதில் சொல்ல வாய் திறந்தார். நான் பவித்ராவின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அவள் விலக்கிக்கொண்டாள்.

"அது..." என்றார் அக்கா. "காலனி பொண்ணுங்க வரமாட்டாங்க கண்ணு."

"வரமாட்டாங்களா, வரக்கூடாதா?"

"வரக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. மேஸ்திரி கூட சொன்னதில்ல."

"வாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

அக்கா படத்தை மறுபடி பார்த்தார். தன்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் சொல்லல" என்றார்.

உள்ளிருந்து தம்பி மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தே, எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? இருக்கறத இருக்கற மாதிரி வுடுங்க. நாளைக்கு யாரனா வந்து கேட்டா?"

"கேட்டா சொல்றேன். நான் பாத்ததத்தான சொல்றேன்?" என்றார் அக்கா. பிறகு பவித்ராவிடம், "எழுதிக்கோ. தண்ணி வெளியதான் ஊத்துனேன். அவங்க வெயில்லதான் குந்துனாங்க. என் பேரு போட்டே எழுது. தெள்ளாருன்னு போட்டுறாத, யாருன்னே தெரியாது. லோகநாயகி."

லோகநாயகி. அவ்வளவு பெரிய பேரை வைத்துக்கொண்டா அத்தனை வருஷம் ஊர்ப்பேருக்குத் திரும்பினார்!

கிளம்பும்போது வாசல் வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு வந்தார். "கன்னி, நீ பயந்தவ. அதனாலதான் உள்ள வர மாட்றன்னு நெனச்சிகினு இருந்தேன்டி, இத்தினி நாளு."

"சில நாளு எனக்கே அப்டித்தான் தோணும் கா" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பவித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவாசி தாண்டியதும் கேட்டாள்.

"ஏன் மா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிய வேணாம்னு."

"காலேஜுக்கு போற எனக்கு தெரியாதா? அங்கயும்தான் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் டிரைவரின் கையைப் பார்க்க எனக்கு மறந்துபோயிற்று.

ஒரே ஒரு சொல்

வெள்ளிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போனதிலிருந்து நான் ஒரு புடவையும் எடுக்கவில்லை. கவனம் தப்பினால் பட்டு நூல் அறுந்துவிடும்.

மத்தியானம் வந்தாள். கையெழுத்து வாங்கிவிட்டாள்.

மேடம் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாராம். "இவங்க கொட்டகை தொறந்திருந்ததுன்றாங்க. உங்க அம்மா போனதில்லன்றாங்க. ஒருத்தர ஒருத்தர் மறுக்கறாங்களா?" என்று கேட்டாராம்.

"இல்ல மேடம். ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றாங்க. ஒருத்தர் உள்ள இருந்து பாத்திருக்காங்க, ஒருத்தர் வெளிய இருந்து."

மேடம் பேனாவைக் கேட்டாராம்.

என் அட்டையை வாங்கிப் படித்தேன். ஏ. கன்னியம்மா, ஆரணி, முன்னாள் களத் தொழிலாளி என்று மேலே. கீழே நான்கு வரி. களத்து வேலை, கூலி, மத்தியான உணவு பற்றிச் சொல்கிறார். ஆய்வாளரின் தாய். தாய் என்பதால் லோகநாயகி என்பவரிடம் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது, சரியாக இருக்கிறது. இரண்டாம் இயலில் பயன்படுத்தப்படும்.

"சரியாக இருக்கிறது" என்பதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழிக்கச் சொல்லவில்லை. "லோகநாயகின்றது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னொண்ணு இருக்கு" என்று பவித்ரா மலரின் அட்டையை நீட்டினாள். மூன்றாம் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள். முன்னால், அச்சு ஆதாரம், முழுமையாக நம்பத்தக்கது என்று இருந்த இடம். இப்போது இப்படி இருந்தது: 'எல்லாப் பெண்களுக்கும்' என்பதில் 'எல்லா' என்பதை ஏற்க இயலாது. மற்றவை நம்பத்தக்கவை.

நான் அந்த வரியை மெதுவாக மறுபடி படித்தேன்.

"மில்லுக்காரங்க இதப் படிப்பாங்களாடி?"

"படிச்சா படிக்கட்டும்."

"சண்டைக்கு வந்தா?"

"வரட்டும் மா."

"உன் வேலைக்கு எதனா ஆயிடப் போவுது..."

பவித்ரா பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள், வேண்டுமானால் நீயே அடித்துக்கொள் என்கிற மாதிரி.

எனக்குப் பயம் இருந்தது. பேனாவை வாங்கி மூடி போட்டு, அவள் பையிலேயே வைத்துவிட்டேன்.